கோப்புகளைக் காக்கும் அரசுப் பணி: எங்கே தொடங்குவது, எப்படி நுழைவது?

அரசு வேலை என்றதும் வட்டாட்சியர், காவல் உதவி ஆய்வாளர், ஆசிரியர் என்றுதான் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றும். ஆனால் எல்லா அரசு அலுவலகத்திலும் சத்தமில்லாமல் இன்னொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. வந்த காகிதத்துக்கு எண் போட்டு, வகை பிரித்து, பாதுகாத்து, யாராவது கேட்கிற நாளில் எடுத்துக் கொடுப்பது. 1970-களில் அரசு ஒப்படை செய்த நிலத்துக்கு இன்று ஒரு குடும்பம் ஆதாரம் தேடி வந்தால், அந்தப் பழைய ஆணை பதிவறையில் கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் அவர்கள் உரிமையே இருக்கிறது.

இந்தப் பணிக்குள் வர நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்காகவும், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எல்லோரும் முதலில் பாடத்திட்டத்தைத்தான் கேட்கிறார்கள். ஒரு கோப்பு எப்படிப் பிறக்கிறது, எங்கே போய் முடிகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். அது புரிந்துவிட்டால் எந்தத் தேர்வு உங்களுக்கானது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

படி 1: ஒரு கோப்பின் வாழ்க்கையைப் படியுங்கள்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தபால் பிரிவில் முத்திரை குத்தி, பகிர்மானப் பதிவேட்டில் பதிந்து, உரிய பிரிவுக்கு அனுப்புவார்கள். அந்தப் பிரிவின் எழுத்தர், தன் பொறுப்பில் வரும் கடிதங்களுக்காக வைத்திருக்கும் தன்பதிவேட்டில் அதை ஏற்றுவார். அப்போது அதற்கு ஒரு ந.க.எண் கிடைக்கிறது. எண், பிரிவு எழுத்து, ஆண்டு மூன்றும் அதில் இருக்கும். அரசு அலுவலகத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்த ஏதாவது ஒரு கடிதத்தை எடுத்துப் பாருங்கள், மேலே அந்த எண் இருக்கும். பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் கோப்பைத் தேடிப் பிடிக்க அதுதான் சாவி.

கோப்புக்குள் இரண்டு பகுதி. வந்த கடிதங்களும் அனுப்பிய கடிதங்களும் நடப்புக் கோப்பில் சேரும். யார் என்ன பரிந்துரைத்தார், எந்த விதியைக் காட்டினார், அதிகாரி என்ன முடிவெடுத்தார் என்பதெல்லாம் குறிப்புக் கோப்பில் இருக்கும். அரசு ஏன் ஒரு முடிவை எடுத்தது என்று அறிய விரும்புகிறவர் தேட வேண்டியது குறிப்புக் கோப்பைத்தான்.

வேலை முடிந்ததும் கோப்புக்கு ஒரு முடிவுக் குறி போடுவார்கள். புதியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிற இடம் இது. நி.மு. என்றால் நிலையான முடிவு, அந்தக் கோப்பை அழிக்கவே கூடாது. ப.மு. பத்தாண்டு, மூ.மு. மூன்றாண்டு, ஓ.மு. ஓராண்டு வைத்திருக்க வேண்டியவை. நில உரிமையை முடிவு செய்த கோப்புக்கு அவசரத்தில் யாரோ ஓ.மு. போட்டுவிட்டால் அடுத்த ஆண்டே அது அழிப்புப் பட்டியலில் ஏறிவிடும். ஒரு சின்னக் குறி, அதன் பின்னால் ஒரு குடும்பத்தின் சொத்து. எதற்கு எந்தக் குறி என்று நிதானமாக யோசித்துப் போடும் எழுத்தர் கிடைப்பது ஓர் அலுவலகத்துக்குப் பெரிய பாக்கியம்.

இந்த நடைமுறை பழைய சென்னை மாகாணத்தில் உருவானது. டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் டாட்டன்ஹாம் முறை என்று இன்றும் சொல்வார்கள். மாவட்ட அலுவலக நடைமுறை நூலில் இது முழுவதும் விளக்கப்பட்டிருக்கிறது. எந்தத் தேர்வு எழுதினாலும் சரி, அந்த நூலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மத்திய அரசில் குறிகள் வேறு. அங்கே கோப்புகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். ஏ வகையை நிரந்தரமாக வைப்பதோடு நுண்படம் (மைக்ரோஃபிலிம்) அல்லது மின்னுருவில் நகலும் எடுக்க வேண்டும். பி வகையும் நிரந்தரம்தான், நகல் கட்டாயமில்லை. சி வகைக்கு ஒரு காலவரம்பு உண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு.

படி 2: சட்டத்தில் இரண்டு இடங்களை ஊன்றிப் படியுங்கள்

முதலாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தத் துறைக்கு வருகிறவர் 4-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பதிவுகளை வகைப்படுத்தி, அட்டவணைப்படுத்தி வைத்திருக்க வேண்டும் என்று 4(1)(அ) சொல்கிறது. யாரும் கேட்காமலே 17 வகைத் தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது அடுத்த உட்பிரிவு. பதில் தாமதமானால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலருக்கே தண்டம் விதிக்கலாம். பதிவறை ஒழுங்காக இல்லாத அலுவலகத்தில் அந்தப் பொறுப்பில் உட்காருகிறவர் நிலையை நினைத்துப் பாருங்கள். 'கோப்பு கிடைக்கவில்லை' என்பது தகவல் மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் இல்லை. 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லி, காணாமல் போனதற்கு விசாரணை நடத்தச் சொல்லலாம் என்றும் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 1997-இல், இங்கே தகவல் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது.

இரண்டாவது, பொது ஆவணங்கள் சட்டம், 1993. இது மத்திய அரசு, ஒன்றியப் பிரதேசங்கள், பொதுத்துறை நிறுவனங்களுக்கானது. மாநிலத் துறைகளை இது கட்டுப்படுத்தாது. இதன்படி ஒவ்வொரு அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும். 25 ஆண்டைத் தாண்டிய பதிவுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துடன் கலந்து மதிப்பிட வேண்டும். முறையில்லாமல் அழித்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

படி 3: எந்தப் பக்கம் போவது என்று பாருங்கள்

அலுவலக நிர்வாகத்தின் வழியே போவது ஒன்று. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளர், கண்காணிப்பாளர் என்று உயர்வது. பணியிடங்கள் அதிகம் உள்ள வழி இதுதான். ஒவ்வொரு நாளும் கோப்பு கையில் இருக்கும்.

நூலகப் பணி இன்னொன்று. சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல், சென்னை மாகாணத்தில். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்திலிருந்து வந்ததுதான். மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள், கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாம் இந்தப் பணியின் களங்கள்.

மூன்றாவது வழியான ஆவணக் காப்பகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாணவர்களில் பலர் அந்தக் கட்டடத்தைக் கடந்து போயிருப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. 1973-இல் இப்போதைய பெயர் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கால நடவடிக்கைக் குறிப்புகள், வருவாய்ப் பதிவுகள் மட்டுமில்லாமல், கொச்சியிலிருந்து வந்த டச்சுக்காரர்களின் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் மராட்டியர் காலத்து மோடி எழுத்து (மராத்தியை எழுதிய பழைய எழுத்து முறை) ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வரலாறு அல்லது தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர் மோடி, கிரந்தம், பழைய டச்சு ஆகியவற்றில் ஒன்றைக் கற்றுக்கொண்டால், வேறு யாரும் செய்ய முடியாத ஒரு வேலைக்குத் தகுதி பெறுகிறார். எனக்கு மிகவும் ஆசையாக இருக்கும் பக்கம் இது. ஓலைச்சுவடியில் ஈடுபாடு இருந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையைப் பாருங்கள்.

கணினி படித்தவர்களுக்குத் தேசிய தகவலியல் மையம் போன்ற இடங்கள் உண்டு. பல அரசு அலுவலகங்கள் இப்போது பயன்படுத்தும் மின் அலுவலக மென்பொருள் அங்கே உருவானதுதான்.

படி 4: படிப்பு

நூலகப் பக்கத்துக்கு நூலக மற்றும் தகவல் அறிவியலில் இளநிலை, முதுநிலைப் பட்டம் வேண்டும். சென்னை, மதுரை காமராசர், அண்ணாமலை, அழகப்பா பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்கள் தொலைநிலையில் படிக்கலாம்.

ஆவணக் காப்பகப் பக்கத்துக்கு, டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் 1976 முதல் நடத்திவரும் ஆவணவியல் பள்ளி இருக்கிறது. முதுகலை முடித்தவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பு. பழுதான காகிதத்தைச் செப்பனிடுதல், ஆவண மேலாண்மை என்று சில வாரங்களில் முடியும் குறுகிய படிப்புகளும் உண்டு. பட்டயத்துக்கு வாய்ப்பில்லாதவர்கள் இந்தக் குறுகிய படிப்புகளில் ஒன்றையாவது முடியுங்கள்.

படி 5: தேர்வு

இளநிலை உதவியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. பத்தாம் வகுப்பு போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். நூலகப் பணிகளுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. 2023-இல் தனி ஒருங்கிணைந்த தேர்வாக நடந்தபோது நூலக உதவியாளர் முதல் மாவட்ட நூலக அலுவலர் வரையான பணிகள் அதில் வந்தன. தேசிய ஆவணக் காப்பகப் பணியிடங்களுக்கு யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி. தளங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவை எப்போதாவதுதான் வரும், அதனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

படி 6: வேலை கிடைக்கும் முன்பே கையைப் பழக்குங்கள்

இதற்குச் செலவே இல்லை. உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் காகிதங்களை எடுங்கள்: கிரயப் பத்திரம், பட்டா, வரி ரசீது, சான்றிதழ், பழைய கடிதம். ஒரு விரிதாள் திறந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை போடுங்கள். எண், ஆவணத்தின் வகை, தேதி, கொடுத்த அலுவலகம், யார் பெயரில், பக்கங்கள், காகிதத்தின் நிலை, எங்கே வைத்திருக்கிறது என்று பத்திகள். கடைசியாக ஒரு பத்தியில் எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்று எழுதி, பக்கத்தில் ஒரே வரியில் காரணமும் எழுதுங்கள். காரணம் எழுத முடியாமல் திணறுகிற இடங்களில்தான் நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள்.

அப்புறம் ஸ்கேன் செய்யுங்கள். 300 டி.பி.ஐ. போதும். கோப்புப் பெயரை ஆண்டில் தொடங்குங்கள், '1987_கிரயப்பத்திரம்_01' என்பதுபோல. நீண்ட நாள் வைக்க வேண்டியதைப் பி.டி.எஃப்/ஏ வடிவில் சேமியுங்கள். எழுத்துருவையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வடிவம் அது.

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே தெரிந்துகொள்ளுங்கள். 2010-இல் ஒருங்குறியை (யூனிகோட்) அரசு ஏற்பதற்கு முன்னும், பல இடங்களில் அதற்குப் பின்னும், வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் கடிதங்கள் தட்டச்சு செய்யப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். தமிழில் தேடினாலும் கிடைக்காது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தெரிந்தவர் எந்த அலுவலகத்திலும் தேவைப்படுவார்.

இன்னொரு பயிற்சி. உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ வெளியிட்டிருக்கும் தகவல் கையேட்டை எடுத்து, சட்டம் சொல்லும் 17 வகைகளில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று குறித்துப் பாருங்கள். விடுபட்ட ஒன்றைக் கேட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். தகவல் கேட்பவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை அந்தப் பக்கம் நின்று பார்த்தவர், மேசையின் இந்தப் பக்கம் வந்ததும் நல்ல பதில் எழுதுவார்.

படி 7: பணியில் சேர்ந்ததும்

பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அலுவலக நடைமுறை வகுப்புகளில் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். துறைத் தேர்வுகளைச் சீக்கிரமே எழுதி முடியுங்கள்.

உங்கள் இருக்கைக்கு வந்ததும் இருப்புக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பொருள் பற்றி வந்த அரசாணைகள், தெளிவுரைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் சேர்த்து, முன்னால் ஒரு பொருளடக்கம் வைத்திருப்பது அது. பெரும்பாலான இடங்களில் அது பாதியில் நின்றுபோயிருக்கும். முன்பு அங்கே இருந்தவர் மாறுதலில் போனதும் அவர் மனதிலிருந்த விவரமும் கூடவே போய்விட்டிருக்கும். விட்ட இடத்திலிருந்து நீங்கள் தொடருங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அரசாணையின் எண்ணோடு அது 'நிலை'யா, வழக்கமான விஷயங்களுக்கான 'வாலாய'மா, எந்தத் துறை, என்ன தேதி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். வெறும் எண்ணை வைத்து யாராலும் அரசாணையைத் தேடி எடுக்க முடியாது.

பதிவறைப் பொறுப்பு வந்தால் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஆண்டு வாரியாக, முடிவுக் குறி வாரியாகக் கட்டுகள் சரியாக இருக்கின்றனவா, ஈரம் இறங்குகிறதா, கரையான் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். யார் கோப்பை எடுத்துப் போனாலும் அந்த இடத்தில் பெயர், தேதியோடு ஒரு சீட்டு வையுங்கள்.

காலம் முடிந்த கோப்புகளை அழிப்பதும் இந்தப் பணியின் பகுதிதான். பட்டியல் எழுதி, உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கிய பிறகே ஒரு காகிதமும் வெளியே போக வேண்டும். கோப்புகள் போனாலும் அந்தப் பட்டியலையும் ஒப்புதலையும் மட்டும் எப்போதும் அழிக்காதீர்கள். பத்தாண்டு கழித்து ஒருவர் வந்து கேட்டால், கோப்பு தொலையவில்லை, இன்ன நாளில் இன்ன ஆணைப்படி அழிக்கப்பட்டது என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.