பழைய பட்டாளத் துப்பாக்கியில் ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) முத்திரையைப் படிப்பது எப்படி?

ராமநாதபுரம் பக்கம் பரணிலிருந்து ஒரு பழைய துப்பாக்கி இறங்கினால், "1772-ல் கம்பெனிப் படை ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்த சண்டையில் இருந்தது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அது சரியா என்பதைத் துப்பாக்கியில் அடித்திருக்கும் முத்திரைகளே பெரும்பாலும் சொல்லிவிடும்.

முதல் வேலை, உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. வாய்வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கி என்றால், குழல் வாய்க்கு நேரே நிற்காமல் ஒரு மூங்கில் குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். நிற்கும் இடத்தில் குச்சியில் கோடு போட்டு, குழலுக்கு வெளியே வைத்து அளந்து பாருங்கள். அடிவரை எட்டவில்லையா? அதோடு நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 1959 ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது அப்படிப்பட்டதுதானா என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்தது சுத்தம். நம் கடற்கரை உப்புக்காற்றில் பித்தளை பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். வேண்டவே வேண்டாம், மேலோட்டமாக அடித்த எழுத்து அதோடு போய்விடும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இலக்கமும் எழும்பி வரும்.

இனி முத்திரைகளைப் பிரிக்க வேண்டும். கிரீடமும் அதன் கீழ் எழுத்துகளும் அரசரைக் குறிப்பவை. வி.ஆர் என்றால் விக்டோரியா. ஜி.ஆர் கொஞ்சம் குழப்பும்: மருந்து இடிக்கும் துப்பாக்கியில் இருந்தால் 1830-க்கு முந்தைய ஜார்ஜ்கள், போல்ட் துப்பாக்கியில் (பின்பக்கத் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா போடுவது) இருந்தால் 1910-க்குப் பிந்தையவர்கள். அம்புக்குறி அரசாங்கச் சொத்து. அதன் கீழ் ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் இந்திய அரசாங்கம். கிரீடம் ஏந்திய சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அது 1808-ல்தான் வந்தது, அதற்கு முன் இதய வடிவ முத்திரை. ஆக, சிங்கம் இருந்தால் 1772 கதை அங்கேயே அடிபட்டுப் போகும்.

அப்புறம்தான் ரெஜிமெண்ட். தோளில் அணைக்கும் கட்டையின் பித்தளைத் தகட்டில், மேல்பக்கம் மடங்கி வரும் நாக்கைப் பாருங்கள். முதல் உலகப் போர்க்கால லீ என்ஃபீல்டு (பிரிட்டிஷ் படையின் போல்ட் துப்பாக்கி) என்றால் கட்டையின் வலப்பக்கம் பதித்த வட்டமான பித்தளை வில்லை. பட்டாலியன் (ரெஜிமெண்டின் உட்பிரிவு) எண், ரெஜிமெண்டின் சுருக்கெழுத்து, வழங்கிய மாதம், வருடம், அந்தப் படையில் துப்பாக்கிக்குக் கொடுத்த எண் எல்லாம் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். போர் நெருக்கடியில் 1916 வாக்கில் இங்கிலாந்தில் வில்லை பதிப்பதைக் கைவிட்டார்கள். அதனால் வில்லை இல்லாததை வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். குழலில் இருக்கும் நீண்ட எண் தொழிற்சாலையுடையது, படையுடையது அல்ல.

எண்ணைப் படித்ததும் வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1903-ல் மதராஸ் காலாட்படைகளின் எண்ணோடு 60 கூட்டினார்கள். 13-வது மதராஸ் படை 73-வது கர்நாடிக் படையானது. 1922-ல் மறுபடியும் எல்லாம் மாறியது. ஒரு முத்திரையைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் வேறொன்று இருந்தால், துப்பாக்கி கைமாறியிருக்கிறது. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப்பிழை, திருப்பி அடித்த ஆங்கில 'என்' எழுத்து, கோணல் கிரீடம் இதெல்லாம் பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள கைபர் கணவாய்ப் பட்டறைகளில் அடித்த நகல்களில் சகஜம். விலை பேசும் முன் பாருங்கள்.