அரசு பாக்கியை வெளி ஏஜென்சியிடம் கொடுப்பதற்கு முன்

வருவாய்த் துறையில் என் காலம் பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வசூலிலேயே ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகப் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்கிறார்கள்: "ஐயா, பழைய பாக்கியை ஒரு ஏஜென்சியிடம் தள்ளிவிடலாமா?"

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஆளைத் தேடுவது, நினைவூட்டுவது, தவணை பேசிவைப்பது, இந்த மூன்றை மட்டும் கொடுங்கள். கேட்பு அறிவிப்பு, ஜப்தி, ஏலம் எல்லாம் 1864-ஆம் வருடத்து வருவாய் வசூல் சட்டப்படி அதிகாரி செய்ய வேண்டியவை. "பணம் கட்டாவிட்டால் ஜப்திக்கு வருவோம்" என்று ஏஜென்சிப் பையன் போனில் சொன்னால் அந்த நிமிடமே ஒப்பந்தம் ரத்து என்று எழுதிவையுங்கள்.

அதற்கு முன்னால் பட்டியல். நான் பார்த்தவரை பாதி வேலை இங்கேதான் கெடுகிறது. டி.சி.பி. பதிவேட்டை (கேட்பு, வசூல், பாக்கிக் கணக்கு) அப்படியே எக்ஸெலில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்சிக்காரன் பெயரை வைத்துத் தேடுவான். நம் ஊரில் ஐயா (தாத்தா) பெயர்தான் பேரனுக்கு. ஒரே தெருவில் மூன்று சிதம்பரம் இருப்பார்கள். பாக்கி வைத்தவர் காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும், நோட்டீஸ் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரனுக்குப் போகும். அதனால் பெயருக்குப் பக்கத்தில் குடும்ப விலாசம் (அந்த மு.அரு.ராம. மாதிரி எழுத்துகள்), தகப்பனார் பெயர், ஊர், சர்வே எண், ஆணை எண், கடைசியாகப் பணம் கட்டிய தேதி எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும். அசல் வேறு, வட்டி வேறு. இறந்தவர் பெயரில் இருந்தால் அதை வெளியே அனுப்பவே வேண்டாம். வாரிசு பொறுப்பு அவருக்கு வந்து சேர்ந்த சொத்து அளவுக்குத்தான். அதை ஏஜென்சி கணக்குப் பார்க்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை உள்ளவற்றை எடுத்துவிடுங்கள். தள்ளுபடி ஆனவற்றையும்தான். 2023 அக்டோபரில் தொடங்கிய சமாதானத் திட்டத்தில் 50,000 ரூபாய்க்குட்பட்ட வணிகவரி பாக்கிகள் முழுதாகத் தள்ளுபடியாயின. அப்படிப்பட்ட ஒருவருக்கு மறுபடி போன் போனால், அடுத்த கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் உங்களைத்தான் நிற்கவைப்பார்கள்.

அடுத்தது பணம். ஏஜென்சி கையில் ஒரு ரூபாய்கூட ரொக்கமாகப் போகக்கூடாது. "எங்கள் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டுகிறோம்" என்பார்கள். முடியாது. அரசியல் சட்டம் 266-ஆவது கூறுப்படி அரசின் வருவாய் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டுபவர் நேராக இ-சலானில் கருவூலத்துக்குக் கட்டட்டும். கருவூலக் கணக்கோடு ஒத்துப்போன தொகைக்கு மட்டும் கமிஷன், அதுவும் தனிப் பில்லாக. போன வருடப் பாக்கிக்குக் கமிஷன் எதற்கு? ஒரு தபால் போட்டால் தானே வரும். பழையதுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், நியாயம்தான். ஏஜென்சியைத் தேர்ந்தெடுப்பது 1998-ஆம் வருடத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படிதான். தெரிந்தவர், வேண்டியவர் என்று போகாதீர்கள்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஏஜெண்ட் அனுப்பிக் கொடுக்கல் வாங்கல் பார்த்த ஊர் இது. அந்த ஏஜெண்டுக்கு மூன்று வருடக் கணக்கு என்று ஒரு வரம்பு உண்டு, லாபத்தில் பங்கும் உண்டு. உங்கள் ஒப்பந்தத்திலும் வரம்பு போடுங்கள்.

பேசும் விதத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கி வசூல் ஆட்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் கூடாது. தமிழில் பேசட்டும். ஒரு ஏஜென்சி, பள்ளத்தூர்ப் பக்கம் எண்பது வயது ஆச்சி ஒருவருக்கு இங்கிலீஷில் கடிதம் அனுப்பியது. வாட்ச்மேன் அதை முகப்பில் கரண்ட் பில்லோடு சேர்த்துச் சொருகிவைத்துவிட்டார், ஆச்சிக்கு விஷயமே தெரியாது. "ஆச்சி, தாலுகா ஆபீஸ் பாக்கி விஷயமாகப் பேசுகிறேன், அண்ணன் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தால் மகன் நம்பர் கிடைத்திருக்கும்.

பெரிய வீடுகள் பூட்டியே கிடக்கும், கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல் போடும் நாள்)தான் திறக்கும். பங்காளிகள் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைக்கிறார்களே என்று அன்றைக்கு ஆள் அனுப்ப ஆசை வரும். வேண்டாம். சொந்தபந்தம் முன்னால் கேட்டால் பணம் வராது, வக்கீல் நோட்டீஸ்தான் வரும். யார் வந்திருக்கிறார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று வாட்ச்மேனிடம் விசாரித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்துப் பேசச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் அசையாத கணக்குகளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அப்புறம், பட்டியலைத் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டதாக எழுத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே கடைசிப் பில்லுக்குப் பணம். திரும்பி வந்ததில் சொத்து உள்ளவற்றைத் தாசில்தாருக்கு அனுப்புங்கள், மற்றதைத் தள்ளுபடிக்கு எழுதுங்கள்.