தொட்டபெட்டாவிலிருந்து நாகப்பட்டினம் வரை: பாறையையும் நிலத்தோற்றத்தையும் ஒரே படத்தில் வரைவது எப்படி?

ஓரிடம் மலையாகவும் இன்னோரிடம் சமவெளியாகவும் இருப்பது ஏன் என்று கேட்டால், "கடினமான பாறை இருந்தால் மலை, மென்மையான பாறை இருந்தால் சமவெளி" என்றுதான் தேர்வுத்தாள்களில் பெரும்பாலும் எழுதப்படுகிறது. அது பாதி விடைதான். மீதியைப் புரிந்துகொள்ள, நிலத்தை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் காட்டும் ஒரு குறுக்குவெட்டுப் படத்தை நாமே வரைந்து பார்ப்பது மிகவும் உதவும் என்பது என் உறுதியான கருத்து. நான் வரைந்து முடித்த முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: கருவிகள்

கணினியில் நிறுவும் கூகுள் எர்த் ப்ரோ, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளம், கிராஃப் தாள், பென்சில் ஆகியவை போதும். படத்தைக் கணினியிலேயே வரைந்து தரும் மென்பொருள்கள் இருந்தாலும், தொடக்கநிலையினர் கையால் வரைவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு புள்ளியையும் நாமே குறிக்கும்போதுதான் சரிவு எங்கே மாறுகிறது என்பது மனத்தில் பதிகிறது.

படி 2: கோடு

தொட்டபெட்டா, மேட்டுப்பாளையம், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் ஆகிய இடங்களை இணைத்து ஒரு பாதையை வரையுங்கள். அதன் நீளம் சுமார் 360 கி.மீ. இருக்கும். பாதையின் மீது வலச்சொடுக்கி 'ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உயர வரைபடம் கீழே தோன்றும். அதிலிருந்து 10 கி.மீ.க்கு ஒரு முறையும், மலைச்சரிவில் 2 கி.மீ.க்கு ஒரு முறையும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அளவுத்திட்டம்

நிதானம் மிகவும் தேவைப்படுவது இந்தப் படியில்தான். கிடைமட்டத்தில் 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்று கொண்டால் படம் 36 செ.மீ. நீளும். செங்குத்திலும் அதே அளவைக் கொண்டால், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தாளில் 3 மி.மீ.கூட எழும்பாது. ஆகவே செங்குத்தில் 1 செ.மீ.க்கு 250 மீட்டர் என்று கொள்ள வேண்டும். அப்போது மலை பத்தரை செ.மீ. உயர்ந்து தெளிவாகத் தெரியும். ஆனால் 10,000 மீட்டரை 250 ஆல் வகுத்தால் 40 வருகிறது. அதாவது உண்மையில் இருப்பதைவிட 40 மடங்கு மிகைப்படுத்தி வரைகிறோம். இந்த எண்ணைப் படத்தின் மூலையில் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால், பார்ப்பவர் நீலகிரியின் சரிவைச் செங்குத்துச் சுவர் என்றே எண்ணிவிடுவார். கூகுள் எர்த் காட்டும் வரைபடமும் இவ்வாறு மிகைப்படுத்தப்பட்டதுதான். அதன் வடிவத்தை அப்படியே நகலெடுக்காமல் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகளை இணைத்தவுடன் ஒன்று கண்ணில் படும். தொட்டபெட்டாவிலிருந்து மேட்டுப்பாளையம் வரையிலான ஏறத்தாழ 25 கி.மீ.க்குள் நிலம் 2,300 மீட்டர் இறங்குகிறது. எஞ்சிய 330 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவில் இறங்குவது சுமார் 325 மீட்டர் மட்டுமே.

படி 4: பாறைப் பட்டை

படத்துக்குக் கீழே ஒரு பட்டை வரைந்து, பூகோஷ் வரைபடத்தைப் பார்த்து வண்ணமிடுங்கள். நீலகிரியில் சார்னோகைட் (கடினமான, கருமை கலந்த பாறை); ஈரோடு, கரூர் சமவெளியில் பெரும்பாலும் நைஸ் (வரிவரியான அடுக்குகள் கொண்ட உருமாறிய பாறை); திருச்சிக்குக் கிழக்கே படிவுப்பாறைகள்; தஞ்சைக்கு அப்பால் காவிரியின் வண்டல் என்று வரிசை அமையும். தஞ்சைக்கு மேற்கே வல்லம் பகுதியில் செம்பூராங்கல் (லேட்டரைட் எனப்படும் சிவந்த கல்) மேட்டைத் தவறவிடாதீர்கள். தாழ்நிலத்துக்குள்ளும் பாறை மாறினால் நிலம் சற்றே உயர்வதை அது காட்டுகிறது.

படி 5: செயல்முறைப் பட்டை

பலர் நான்காம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிறுத்தினால் மேலே சொன்ன பாதி விடைதான் கிடைக்கும். சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் இருப்பதும் சார்னோகைட்தான். கொல்கத்தாவில் உள்ள, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறையே. பாறைக்குப் பெயர் வந்ததும் அவரால்தான். ஆனால் பரங்கிமலையின் உயரம் 100 மீட்டரைக்கூட எட்டவில்லை. பாறையின் கடினம் மட்டுமே மலையைத் தருமென்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கமே இல்லை.

விளக்கம் நிலமேலெழுச்சியிலும் பாறை பிளவுபட்ட விதத்திலும் இருக்கிறது. நீலகிரியின் வடக்கிலும் தெற்கிலும், பாறை நெரிந்து நொறுங்கிய நீண்ட பட்டைகள் ஓடுகின்றன. பலவீனமான அந்த வழிகளைப் பற்றிக்கொண்டுதான் வடக்கே மோயாறும் தெற்கே பவானியும் நிலத்தை ஆழமாக அரித்தன. இடையில் பிளவுகள் குறைந்த பெரும்பாறைத் தொகுதி உயர்ந்து நின்றுவிட்டது. சமவெளியின் நைஸ் பாறையிலோ மைக்கா (அபிரகம்) மிகுந்த அடுக்குகள் வழியே நீர் நுழைந்து சிதைவை விரைவுபடுத்தியது. அவ்வாறு நெடுங்காலம் தேய்ந்து தாழ்ந்த நிலத்தில், பிளவு குறைந்த பகுதிகள் மட்டும் தனிக்குன்றுகளாக எஞ்சின. திருச்சி மலைக்கோட்டை அவற்றுள் ஒன்று. கிழக்கே சரிவு குறைந்ததும் ஆற்றின் வேகம் தளர்ந்து, அது சுமந்து வந்த வண்டல் படிகிறது. காவிரிச் சமவெளி இப்படிப் படிந்து உருவானதே. 1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு அந்த வண்டலில் ஒரு பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதையும் ஒரு குறிப்பாகச் சேர்க்கலாம்.

ஆகவே பாறைப் பட்டைக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பட்டை வரைந்து, அதில் இடமிருந்து வலமாகச் சிதைவு, அரிப்பு, கடத்துதல், படிதல் ஆகியவற்றுள் எங்கே எது மேலோங்குகிறது என்று எழுதுங்கள்.

பிற்சேர்க்கை

வரைபடம் சார்னோகைட் என்று காட்டினாலும் ஊட்டியில் சிவந்த மண்ணே தெரிகிறதே என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். நிலவியல் வரைபடம் பொதுவாக மண்ணுக்கு அடியிலுள்ள பாறையையே காட்டுகிறது. மிகுந்த மழையில் சார்னோகைட்டின் மேற்பகுதி சிதைந்து களிமண் கலந்த தடித்த அடுக்காக மாறியிருக்கிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் சரிந்ததும் பெரும்பாலும் இத்தகைய மண் அடுக்குதான். நமது அளவுத்திட்டத்தில் 10 மீட்டர் தடிமன் வெறும் 0.4 மி.மீ. ஆகிவிடுவதால் இதை அளவுப்படி வரைய இயலாது. படத்தில் மலைப்பகுதியின் மேல் எல்லைக் கோட்டை ஒட்டிச் சிவப்புப் புள்ளிகளை இட்டு, "அளவுக்கு உட்பட்டதன்று" என்று அருகில் எழுதிவிடுங்கள்.