படித்ததைப் பற்றி நாலு வரி எழுதி வைக்க

புத்தகத்தை மூடிய கையோடு கருத்து எழுதாதீர்கள். கடைசி அத்தியாயத்தின் சூடு மொத்த நாவலையும் தூக்கிக் காட்டும், அல்லது கவிழ்த்துவிடும். ஒரு நாள் ஆறவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினாலோ பாத்திரங்களின் பெயர்கூட நினைவில் நிற்காது.

படிக்கும்போதே கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் பக்க எண்ணும் இரண்டு சொல்லும் போதும்: ‘112 - அம்மா சொல்லும் பொய்’. இரவல் புத்தகமென்றால் துண்டுச்சீட்டு. மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்க எண் நகர்ந்துவிடலாம்; அத்தியாய எண்ணைக் குறியுங்கள்.

கதைச்சுருக்கம் இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம். ‘நடை அருமை’ என்பது ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. எந்தப் பக்கத்தில் சலித்துக் கீழே வைத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

தன்வரலாற்றில் சறுக்குவது வேறு இடத்தில்: வாழ்க்கை துயரமானது என்பதற்காக எழுத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுவோம். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதினால் தப்பிக்கலாம். 40 ஆண்டுக்கு முந்தைய உரையாடல் வார்த்தை பிசகாமல் வந்தால் அதில் பாதி புனைவுதான் (குற்றமில்லை, குறித்து வையுங்கள்). கூடவே, ஆசிரியர் யாரை ஒரே பத்தியில் கடந்துபோகிறார் என்பதையும்.