கண்ணடிக்கும் பாத்ரூம் லைட்: பல்ப் வாங்க ஓடமுன்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக்காற்று இரும்புக் கேட்டை மட்டுமல்ல, பல்ப் ஹோல்டரையும் தின்னும். போன மார்கழி மழைக்குள் பாத்ரூம் லைட் விட்டுவிட்டு எரிந்தபோது, "மனே, பல்ப் போயிட்டுது, புதுசு வாங்கு" என்றார் அம்மா. வாங்கினேன். மூன்றாம் நாள் அதுவும் கண்ணடித்தது.

முதலில் சும்மா நின்று கவனியுங்கள். தண்ணீர் மோட்டர் போடும்போது ஒருதரம் மங்கிச் சரியானால், அது மோட்டர் இழுக்கும் கரண்ட். வீடு முழுக்க லைட்டுகள் கூடிக் குறைந்தால் நியூட்ரல் கம்பி (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) தளர்ந்திருக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்சார சபைக்குச் சொல்லுங்கள்; வழமையான 230 வோல்ட்டை விட மிக அதிகமாக ஏறினால் டிவி, பிரிட்ஜ் எல்லாம் போய்விடலாம். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்ப் மினுங்குகிறதா? சுவிட்சில் சின்ன இன்டிகேட்டர் லைட் இருந்தால் பெரும்பாலும் அதன் வேலைதான்.

பாத்ரூமில் மட்டும்தான் பிரச்சினை என்றால் இனிக் கை வைக்கலாம். பகலில், தரை காய்ந்திருக்கும்போது, ரப்பர் செருப்போடு.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறவே வேண்டாம். சில பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். லைட் அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் இருக்கும். டெஸ்டரை வேலை செய்யும் பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை அணைத்து, ஹோல்டரிலும் வைத்துப் பாருங்கள்; அங்கே எரியக் கூடாது.

பல்ப் ஆறியதும் கழற்றி, நன்றாக எரியும் அறை பல்ப்பை அங்கே மாட்டுங்கள். மெயினைப் போட்டுப் பாருங்கள். அது சில நாள் ஒழுங்காக எரிந்தால் பழைய பல்ப்தான் பழுது, வேலை முடிந்தது. அதுவும் கண்ணடித்தால் மெயினைத் திரும்ப அணைத்துவிட்டு ஹோல்டருக்கு வாருங்கள்.

நம் ஊரில் அதிகம் இருப்பது பின் ஹோல்டர். உள்ளே இரண்டு பித்தளை முனைகள், ஸ்பிரிங்கோடு. ஸ்குரூ ட்ரைவரால் ஒவ்வொன்றாக அமத்திப் பாருங்கள். விட்டவுடன் துள்ளி மேலே வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்று துள்ளியது, மற்றது பச்சைக் களிம்பு பிடித்து உள்ளேயே இருந்துவிட்டது. பல்ப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது அதுதான். களிம்பு மட்டுமென்றால் சாண்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்தால் போதும். ஸ்பிரிங் இறுகியிருந்தால், பிளாஸ்டிக் கருகியிருந்தால் மினக்கெடாமல் ஹோல்டரையே மாற்றுங்கள்.

மாற்றும்போது வயரின் நுனி கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, புதிதாக 7, 8 மில்லிமீற்றர் மட்டும் தோலை உரியுங்கள். இழைகளை முறுக்கி உள்ளே விட்டு ஸ்குரூவை இறுக்குங்கள். மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது, செம்பு வெளியே தெரியவும் கூடாது. சீலிங்கில் ஈரம் ஒழுகிய அடையாளம் இருந்தால் முதலில் அந்த ஒழுக்கை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த மார்கழியில் இதே கதைதான்.

மூடி பூட்டி மெயினைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்காதீர்கள். எங்கோ கரண்ட் கசிகிறது, அதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டும்.

அம்மா எறியச் சொன்ன பழைய பல்ப்பை எறியவில்லை. கோழிக்கூட்டில் நன்றாகவே எரிகிறது.