ட்ரூ பைபாஸும் பஃபரும்: பெடல்போர்டு அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியின் மேல் 'ட்ரூ பைபாஸ்' என்று அச்சிட்டிருப்பதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் கிடார் பெடல் (கிடாரின் ஒலியை மாற்றக் காலால் மிதித்து இயக்கும் சிறு கருவி) வாங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு. பெடல் அணைந்திருக்கும்போது சிக்னல் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டுமே அந்தச் சொல் குறிக்கிறது. சுற்று தரமானதா, பெடல் நன்றாக ஒலிக்குமா என்பதைப் பற்றி அதிலிருந்து எதையும் அறிய முடியாது. ட்ரூ பைபாஸ் பெடலை மிதித்து அணைத்தவுடன் உள்ளே வரும் முனையும் வெளியே போகும் முனையும் நேரடியாக இணைந்துவிடுகின்றன. உள்ளிருக்கும் சுற்று இரு பக்கமும் துண்டிக்கப்படுவதால், அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டு இருப்பதாகவே கொள்ளலாம். பஃபர் பைபாஸ் பெடலிலோ அணைத்த பிறகும் சிக்னல் பஃபர் எனப்படும் ஒரு சிறு மின்னணுச் சுற்றைக் கடந்தே செல்கிறது. அந்தச் சுற்று ஒலியளவைக் கூட்டுவதில்லை. உயர்ந்த மின்மறுப்புள்ள (மாறும் மின்னோட்டத்துக்கு எழும் எதிர்ப்பு) சிக்னலை வாங்கி, தாழ்ந்த மின்மறுப்புள்ளதாக மாற்றிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

இந்த மாற்றம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பது கிடாரின் பிக்கப்பைப் பார்த்தால் விளங்கும். கம்பிகளின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் சாதாரணப் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்ட மெல்லிய கம்பிச் சுருள். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் மின்தூண்டல் 2 முதல் 3 ஹென்றி வரை இருக்கும். கிடார் கேபிளுக்கோ மின்தேக்குத்திறன் உண்டு; மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். சுருளும் கேபிளும் சேர்ந்து, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும் ஒத்ததிர்வுச் சுற்றாகின்றன. 2.5 ஹென்றி பிக்கப்பை 6 மீட்டர் கேபிளில் இணைத்தால், பிக்கப்பின் சொந்த மின்தேக்குத்திறனையும் சேர்த்து மொத்தம் 700 பைக்கோஃபாரட் ஆகும்போது, ஒத்ததிர்வு 3,800 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. அதே பிக்கப்பிலிருந்து, பெடல்களை வரிசையாக அடுக்கும் பெடல்போர்டுக்கு ஒரு 6 மீட்டர் கேபிள், போர்டுக்குள் பல சிறு இணைப்புக் கேபிள்கள், அங்கிருந்து ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கு இன்னொரு நீண்ட கேபிள் என்று மொத்தம் 1,600 பைக்கோஃபாரட் ஏறிவிட்டால், ஒத்ததிர்வு 2,500 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேலுள்ள ஒலிகள் வேகமாகத் தேய்கின்றன. கம்பியை மீட்டும்போது எழும் அந்தக் கூர்மையான முதல் ஒலி மழுங்கிப்போவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, எல்லாப் பெடல்களும் ட்ரூ பைபாஸாக இருந்தால் ஒலி தூய்மையாக இருக்கும் என்று நம்புவது இரண்டாவது தவறு. எட்டு ட்ரூ பைபாஸ் பெடல்களும் அணைந்திருக்கும்போது, கிடாருக்கும் ஆம்புக்கும் இடையிலுள்ள அத்தனை கேபிளும் ஒரே நீளக் கேபிளாகப் பிக்கப்பின் மேல் சுமையாகிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த எட்டில் ஏதாவது ஒன்றை இயக்கியவுடன், அதற்குப் பின்னாலுள்ள கேபிளைப் பிக்கப் சுமக்க வேண்டியதில்லை. இயங்கும் பெடலின் வெளியீடே அதைச் சுமந்துகொள்கிறது. பெரும்பாலான பெடல்களில் அந்த வெளியீடு தாழ்ந்த மின்மறுப்பு உடையது என்பதால் ட்ரெபிள் (உயர் அதிர்வெண் ஒலி) திரும்பி வருகிறது. அணைத்தால் மறுபடியும் மங்குகிறது. ஒலியைச் சற்றுக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் தன் கிடாருக்கு உயிர் கொடுப்பதாகச் சொல்பவர்கள் பலர் உண்மையில் கேட்பது, அந்தப் பெடல் ஒரு பஃபராகவும் வேலை செய்வதைத்தான். பாட்டின் நடுவே பெடலை மிதிக்கும்போதெல்லாம் அடிப்படைத் தொனியே மாறிக்கொண்டிருந்தால் ஆம்பை எந்த நிலைக்கு அமைத்தாலும் பாதி நேரம் அது தவறாகத்தான் இருக்கும்.

ட்ரூ பைபாஸுக்கு இத்தனை பெயர் வந்ததற்கு நியாயமான வரலாறு இருக்கிறது. கால் அசைவுக்கேற்ப 'வா-வா' என்று ஒலியை ஏற்றி இறக்கும் பழைய வா பெடல்களிலும், ஒலியைச் சுழல்வதுபோல் அலையச் செய்யும் எழுபதுகளின் சில ஃபேஸர்களிலும் செலவைக் குறைக்க எளிய சுவிட்சே பொருத்தப்பட்டது. அது வெளியீட்டை மட்டும் மாற்றிவிட்டு, சுற்றின் உள்ளீட்டைக் கிடாரோடு இணைத்தபடியே விட்டுவிடும். வா பெடலின் உள்ளீட்டு மின்மறுப்பு, ஆம்பின் வழக்கமான 1 மெகா ஓமைவிட மிகக் குறைவு என்பதால், அணைந்திருக்கும்போதும் அது பிக்கப்பின் சக்தியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இது ட்ரூ பைபாஸும் அல்ல, பஃபர் பைபாஸும் அல்ல. மூன்றாவது வகை, மூன்றிலும் மோசமானது. இந்தப் பழைய பெடல்கள் செய்த குற்றத்தைப் பஃபரின் மேல் சுமத்துவது மூன்றாவது தவறு. இன்றுவரை அது திருத்தப்படாமலே சொல்லப்பட்டு வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 1977இல் தொடங்கிய பாஸ் நிறுவனத்தின் காம்பாக்ட் வரிசை பஃபரும் மின்னணுச் சுவிட்சும் கொண்டது. ஐபனேஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர் பெடலும் அப்படியே. 1994இல் வெளிவந்து, பிற்காலத்தில் மிக உயர்ந்த விலைக்குக் கைமாறும் க்லான் சென்டார் பெடலிலும் பஃபர் பைபாஸ்தான் இருக்கிறது. அதன் பஃபரையே புகழ்ந்து பேசுபவர்கள் உண்டு. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் கிடார் கலைஞர் டேவிட் கில்மருக்குப் பெடல்போர்டுகள் செய்துகொடுத்த இங்கிலாந்தின் பீட் கார்னிஷ் பஃபரை விடாமல் ஆதரித்தவர். மலிவான பொருளில்தான் பஃபர் இருக்கும் என்ற எண்ணத்துக்கு இவற்றைவிட வேறு மறுப்பு தேவையில்லை.

இதைப் படித்துவிட்டு வரிசையின் தொடக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு ஒரு பஃபரை வைப்பது நான்காவது தவறு. இதன் விளைவை நான் அனுபவித்திருக்கிறேன். முதலிடத்தில் இருந்த ஃபஸ் பெடலுக்கு (ஒலியைக் கடுமையாகச் சிதைப்பது) முன்னால், வசதிக்காகச் சுருதி பார்க்கும் ஒரு ட்யூனரை மாற்றி வைத்தேன். அன்றிலிருந்து ஃபஸ் கீச்சிட்டது. கிடாரின் வால்யூமைக் குறைத்தால் முன்பு பளிங்குபோல் தெளியும் ஒலி தெளியவே இல்லை. பேட்டரியை மாற்றினேன், டிரான்சிஸ்டரைச் சந்தேகித்தேன். ட்யூனருக்குள் ஒரு பஃபர் இருக்கிறது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. 1966இல் அறிமுகமான ஃபஸ் ஃபேஸ் போன்ற இரண்டு டிரான்சிஸ்டர் சுற்றுகளின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகத் தாழ்ந்தது. அவை பிக்கப்பை நேரடியாக எதிர்கொள்ளும் விதமாகவே வடிவமைந்துவிட்டன. பிக்கப்பின் சுருளும் கிடாரின் வால்யூம் குமிழும் அந்தச் சுற்றின் ஓர் உறுப்பாகவே வேலை செய்கின்றன. வால்யூமைச் சற்றுக் குறைக்கும்போது சிக்னல் குறைவதோடு மின்தடையும் கூடுவதால்தான் ஃபஸ் தெளிகிறது. நடுவே ஒரு பஃபர் வந்தால் அந்த உறவு அறுந்துவிடுகிறது. எனவே இவ்வகை ஃபஸ் முதலில், பஃபர் அதற்குப் பின்னால். எல்லா ஃபஸ்ஸுக்கும் இது பொருந்தாது. பிக் மஃப் போன்றவை முன்னால் பஃபர் இருப்பதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

இதற்குள்ளேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. வா பெடலை ஃபஸ் ஃபேஸுக்கு முன்னால் வைப்பவர்கள், ஃபஸ்ஸை இயக்கியதும் வாவின் ஏற்ற இறக்கம் காணாமல் போவதைக் கண்டு, வா பழுதாகிவிட்டதென்று நினைக்கிறார்கள். ஃபஸ்ஸின் தாழ்ந்த உள்ளீடு வாவின் வெளியீட்டை அமுக்கிவிடுவதே காரணம். வாவின் வெளியீட்டில் ஒரு பஃபரைச் சேர்த்தால் வா மீண்டும் பேசும். ஆனால் வாவை ட்ரூ பைபாஸாக மாற்றி, அது இயங்கும்போது மட்டும் அந்தப் பஃபர் வழியில் வருமாறு அமைத்தால்தான், வா அணைந்திருக்கும் நேரத்தில் ஃபஸ் பிக்கப்பை நேரடியாகப் பார்க்கும்.

வால்யூம் பெடலிலும் இதே கணக்குதான். 250 கிலோ ஓம் வகை, பிக்கப்பிலிருந்து நேராக வரும் சிக்னலுக்கு. 25 கிலோ ஓம் வகை, பஃபருக்குப் பின்னால் வைப்பதற்கு. 25 கிலோ ஓம் பெடலைக் கிடாருக்கு அடுத்து வைத்தால் ஒலி உடனே தளர்ந்து மங்கிவிடும். பெடலைக் குறை சொல்லிப் பயனில்லை.

சில தவறான அச்சங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ட்ரூ பைபாஸ் சுவிட்சை மிதிக்கும்போது எழும் 'பட்' என்ற ஓசை பெரும்பாலும் மின்தேக்கியில் கசிந்து சேர்ந்த நேர்திசை (DC) மின்னழுத்தத்தால் வருவது. உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் தரையோடு 1 மெகா ஓம் அல்லது அதைவிடப் பெரிய மின்தடையைச் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டிலே பெடலை அணைத்த பிறகும் எதிரொலிகள் தாமாகத் தேய்ந்து அடங்க வேண்டுமென்றால் ட்ரூ பைபாஸ் அதற்கு உதவாது, ஏனெனில் அணைந்த கணமே அது வெளியீட்டைத் துண்டித்துவிடுகிறது. மின்சாரம் நின்றுபோனால் சிக்னலைக் கடத்துவது இயந்திர மிதி சுவிட்ச் உள்ள ட்ரூ பைபாஸ் பெடல்தான். பஃபர் பெடல் ஊமையாகிவிடும். மேடையில் வாசிப்பவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. பேட்டரியால் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் உள்ள கிடாருக்கும், வயர்லெஸ் கருவி வழியாக வரும் சிக்னலுக்கும் தனிப் பஃபர் தேவையில்லை. அவை முன்பே தாழ்ந்த மின்மறுப்பில்தான் வருகின்றன. அதனால்தான் ஆக்டிவ் பிக்கப் கிடாரில் பழைய ஃபஸ் எதிர்பார்த்தபடி ஒலிப்பதில்லை.

ஏழெட்டுப் பஃபர்கள் வரிசையாக இருந்தால் ஒலி கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் விடை இதுதான்: நன்றாக வடிவமைத்த பஃபர்கள் என்றால் கேட்கும்படியான கேடு எதுவும் நேர்வதில்லை, மோசமானவை சில சேர்ந்தால் இரைச்சல் சற்று ஏறும், ஒலியளவு சிறிது இறங்கும். ஆகவே முழுவதும் ட்ரூ பைபாஸ், முழுவதும் பஃபர் என்ற இரு முனைகளுக்குப் போகாமல், ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஒரு நல்ல பஃபரும், அதற்கு மேல் விருப்பமான பெடல்களும் என்று வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கிடாரை 3 மீட்டர் கேபிளில் நேராக ஆம்போடு இணைத்து, பிரிட்ஜ் பிக்கப்பில், வால்யூமையும் டோனையும் முழுவதும் திறந்து, ஒரே கார்டைச் சில முறை வாசிக்க வேண்டும். பிறகு ஆம்பில் எதையும் தொடாமல், எல்லாப் பெடல்களும் அணைந்த போர்டின் வழியாக அதையே வாசிக்க வேண்டும். வேறுபாடு காதில் விழவில்லை என்றால் உங்கள் கேபிள் நீளத்துக்குப் பஃபரே தேவையில்லை, பணத்தை மிச்சப்படுத்தலாம். வேறுபாடு தெரிந்து பஃபரைச் சேர்த்த பிறகு, ஒலி காதைக் குத்துகிறது என்று அன்றே அதைக் கழற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். மங்கிய ஒலிக்கு ஈடாக ஆம்பில் ட்ரெபிளை ஏற்றி வைத்துப் பழகிய அமைப்பு அப்படியே இருக்கும்போது, இழந்திருந்த ட்ரெபிள் திரும்பினால் குத்தத்தான் செய்யும். ட்ரெபிள் குமிழைக் கீழே இறக்கிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.