நோய்த்தொற்றுக் காலத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டு ஓனர் எப்படித் துணை நிற்பது?

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் வீட்டில் மூன்று குடித்தனம். கீழே ஆட்டோ ஓட்டுபவரின் குடும்பம். முதல் மாடியில் நர்ஸ் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். மொட்டை மாடி ஒற்றை அறையில் ஓட்டல் வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த மூன்று பையன்கள். சென்னையில் இப்படி ஒரு போர்ஷனில் தாங்கள் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விடும் சிறு ஓனர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொரோனா தணிந்துவிட்டது. அடுத்த தொற்று என்றைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? அன்று தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஒன்றாம் தேதிக்கு முன்பே நீங்களே பேசுங்கள்

வாடகை கொடுக்க முடியாதவர் உங்களைக் கண்டால் ஒதுங்கித்தான் போவார். கீழ் வீட்டுத் தங்கை நான்கு நாள் தண்ணீர் பிடிக்கக்கூட நான் உள்ளே போன பிறகுதான் வெளியே வந்தாள். காரணம் எனக்குப் புரியத் தாமதமாகிவிட்டது. அதனால் முதல் பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும். வேலை நடக்கிறதா, சம்பளம் வருமா என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, வயதானவர் யாராவது வீட்டில் உண்டா என்று கேளுங்கள். அடுத்தது ரேஷன் கார்டு எந்த முகவரியில் இருக்கிறது என்பது.

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தன. கார்டு சொந்த ஊர் முகவரியில் இருந்தால், பஸ் ஓடாத நாளில் அந்தப் பணத்தை எப்படிப் போய் வாங்குவது? வாடகை வீட்டு முகவரிக்குக் கார்டை மாற்ற ஓனர்கள் பலர் சம்மதிப்பதில்லை. வீட்டுக்கு உரிமை கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ரேஷன் கார்டால் யாருக்கும் வீடு சொந்தமாகிவிடாது. ஒப்பந்த நகலை இன்றைக்கே கொடுத்து வையுங்கள்.

படி 2: வாடகையைப் பேசி, எழுதி வையுங்கள்

2020 மார்ச் 29-ல் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. தொழிலாளர்களிடம், வெளிமாநிலத்தவர் உட்பட, ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளர்களையும் மாணவர்களையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. ஆனால் ஊரடங்கு ஒரு மாதத்தில் முடியவில்லை. அதற்குப் பிறகு நாம்தான் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வழிகள் மூன்று: தள்ளிவைப்பது, குறைப்பது, அட்வான்ஸில் கழிப்பது. ஓனருக்கு மூன்றாவதுதான் சுலபம். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். வேண்டாம் என்பதே என் கருத்து. அட்வான்ஸ் கரைந்துவிட்டால், நாளை அந்தக் குடும்பம் வேறு வீடு பார்க்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. வேறு வழியே இல்லாமல் கழித்தாலும், எவ்வளவு மீதி என்பதை எழுதிக் கொடுங்கள். வேலை திரும்பிய மாதமே ‘அட்வான்ஸை நிரப்பு’ என்று நிற்காதீர்கள்.

நாங்கள் செய்தது இதுதான். வாடகை 8,000. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் 4,000 வாங்கினேன். நிலுவை 12,000. அதில் பாதியைத் தள்ளுபடி செய்தேன். மீதி 6,000 ரூபாயை ஜூலை முதல் வாடகையோடு மாதம் 500 வீதம் தருவதென்று ஒரு பழைய நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். ‘இதற்கு வட்டி கிடையாது’ என்ற வரியையும் சேர்த்தோம். மறு வருஷம் இரண்டாம் அலையில் ஆட்டோ மறுபடி நின்றது. மே, ஜூன் தவணையைத் தள்ளிவைத்து, அதையும் அதே நோட்டில் எழுதினோம். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் ஒரு வருஷம் கழித்து யாருக்கு எது ஞாபகம் இருந்திருக்கும்?

உங்களுக்கே வீட்டுக் கடன் இருந்தால் வங்கியிடம் முதலில் கேளுங்கள். 2020-ல் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறியது என்பதால், தேவைப்பட்ட அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது.

படி 3: தண்ணீர், கரண்ட் மேல் கை வைக்காதீர்கள்

வாடகை பாக்கிக்காக மோட்டாரை நிறுத்துவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி கூடாது. கை கழுவு என்று ஊரே சொல்லும் நாளில் குழாயை அடைப்பதைவிடக் கொடுமை வேறில்லை. எல்லோரும் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தால் தொட்டி சீக்கிரம் காலியாகத்தான் செய்யும். மோட்டாரை ஒரு முறை கூடுதலாகப் போடுங்கள். சப் மீட்டர் இருந்தால், உள்ளே போகாமல் ரீடிங்கை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டால்

எங்கள் வீட்டில் முதலில் வந்தது ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு. தனி அறையும் தனிக் கழிவறையும் இருந்தால்தான் வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. அவர்கள் ஐந்து பேருக்கு ஒரே கழிவறை. அப்படி இடமில்லாதவர்களைத் தங்கவைக்க நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற இடங்களில் அரசு முகாம் அமைத்திருந்தது. போக அவருக்கு மனமில்லை. மாடிப்படிக்கு அடியில் சும்மா கிடந்த வெளிக் கழிவறையைக் கழுவி, பல்பு மாட்டி, சாவியை அவரிடமே கொடுத்தேன். உங்கள் வீட்டில் அப்படி எந்த மூலை இருக்கிறது என்று நோய் வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

பொது இடத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பதும், படியில் முகக்கவசம் போடுவதும் முக்கியம். காற்றில் பரவும் நோய்க்குத் தரையை மட்டும் கழுவினால் போதாது. கழுவும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர் போதும். அதோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

ஓர் ஆக்ஸிமீட்டர் வாங்கிப் பொதுவில் வையுங்கள். அளவு 94-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பாடு, மருந்து, கேன் தண்ணீர் எதுவானாலும் வாசலில் வைத்துவிட்டுப் போனில் சொல்லுங்கள். யாருக்கு நோய் என்று தெருவில் நீங்கள் சொல்லாதீர்கள். 2020-ல் சென்னையில் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரும் வாசலை அடைத்த தகரமும் அந்தக் குடும்பங்களைப் படுத்திய பாடே போதும்.

படி 5: மருத்துவமனையில் வேலை செய்பவர்களைக் கைவிடாதீர்கள்

‘நர்ஸுங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க’ என்று தெருவில் இருவர் வந்து கேட்டார்கள். நாடு முழுக்க அப்போது இதே கதைதான். 2020 ஏப்ரல் 22-ல் வந்த அவசரச் சட்டம், இருக்கும் வீட்டில் தொல்லை கொடுப்பதையும் சுகாதாரப் பணியாளர் மீதான வன்முறையாகவே கணக்கில் எடுத்தது. 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. வந்தவர்களிடம் நான் சட்டம் பேசவில்லை. “உங்க வீட்ல யாருக்காவது முடியலைன்னா ராத்திரியில இந்தப் பொண்ணுங்ககிட்டதானே ஓடி வருவீங்க” என்றேன். போய்விட்டார்கள். வந்தவர்களைப் பற்றி அந்தப் பெண்களிடம் நான் சொல்லவில்லை. இரவு டியூட்டி முடிந்து வருபவர்களுக்காக வாசலில் ஒரு வாளியும் சோப்பும் வைத்தேன்.

படி 6: ஊருக்குப் போகிறவர்களை நல்லபடி அனுப்புங்கள்

மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டபோது மேல் வீட்டுப் பையன்கள் கிளம்பினார்கள். பெயர்ப் பதிவு, போன் ரீசார்ஜ், வழிக்குச் சாப்பாடு இவற்றில் கை கொடுங்கள். விட்டுப்போகும் பொருளை அவர்கள் கண்முன்னே போட்டோ எடுத்து, அவர்களுக்கும் அனுப்பிவிட்டுப் பூட்டுங்கள். பூட்டிக் கிடக்கும் அறைக்கு வாடகை உண்டா, எந்த மாதம் வரை காத்திருப்பீர்கள் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். நான் வாடகை இல்லாமல் அக்டோபர் வரை என்றேன். செப்டம்பர் கடைசியில் போன் வந்தது. இருவர்தான் திரும்பினார்கள். மூன்றாமவனின் தகரப்பெட்டியை அவர்களிடமே கொடுத்தனுப்பினேன்.